பச்சை எரியட்டும்

உத்தரகோசமங்கை
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தங்கப்பாண்டி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தேன். இரண்டுமே பொருந்தாததால் விட்டுவிட்டேன். என் நம்பரை நீ பிளாக் செய்திருக்கிறாய். மச்சானுக்குப் போட்டால், "ஒங்கக்கா பக்கத்துலதான் இருக்கா, பேச மாட்டேங்கிறா மாப்ள" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். லெட்டரைப் பிளாக் செய்ய முடியாது என்பதால் எழுதுகிறேன். போஸ்ட் ஆபீசில் கவர் கேட்டதற்கு, வேலைக்கு மனுப் போடுகிறாயா என்று கேட்டார்கள்.

வீடு பூட்டித்தான் கிடக்கிறது. அய்யா அவிட்ட நட்சத்திரத்தில் போனதால் ஆறு மாசம் அடைப்பு, வீட்டில் யாரும் புழங்கக் கூடாது என்று நீ இருக்கும்போதே பெரியவர்கள் சொன்னார்கள். வாசல் வழியாக எடுக்கக் கூடாது என்று கிழக்குச் சுவரை இடித்து அய்யாவைக் கொண்டுபோனோமே, அந்த இடத்தை அடைத்துப் பூசிவிட்டேன். பூச்சு மட்டும் புதுசாகத் தெரிகிறது. நான் வயலில் பம்புசெட் ரூமில் படுத்துக்கொள்கிறேன். சாயங்காலம் போய் வாசலில் ஒரு விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்துவிட்டு வருகிறேன். கடையைத் திறந்து மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். பசிக்கிறது, சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது, தூங்குகிறேன். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது அக்கா. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

ஜூலை நாலாம் தேதி வெள்ளிக்கிழமை வீட்டைத் திறக்கலாம் என்று பங்காளிகள் நாள் பார்த்திருக்கிறார்கள். நம் வகையறா வழக்கப்படி அந்த வீட்டில் பிறந்த பெண்தான் கதவைத் தள்ளி, விளக்கோடு முதலில் காலை வைக்க வேண்டும். நம் வீட்டில் பிறந்த பெண் நீ ஒருத்திதான். நீ வராவிட்டால் கதவு திறக்காது. எனக்கும் உன்னை விட்டால் ஆள் இல்லை.

தம்பி,
தங்கப்பாண்டி


சிக்கல்
22.2.2025

தங்கப்பாண்டிக்கு,

உன் கடிதம் வந்தது. சுவர் பூசியது, காயில் கட்டியது, சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் எழுதியிருக்கிறாய். பல்பைப் பற்றி ஒரு வரி இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை என்னிடம் வைத்துக்கொள்ளாதே.

அன்றைக்கு நான் வந்து சேர்ந்தபோது அய்யாவைக் கிடத்தியிருந்தார்கள். வாசல் நிலைக்கு மேலே நீ செய்து மாட்டிய மரப்பெட்டி. அதில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. ராகு காலம் முடிந்துவிட்டதாம், இனி எங்கே வேண்டுமானாலும் புறப்படலாமாம். அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் அய்யா காலில் விழுந்தேன்.

நடந்ததைப் பக்கத்து வீட்டு ராக்கு சித்தி சொன்னாள். "ஆட்டோ வந்து வாசல்ல நிக்கிது. ஒங்கய்யா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, பச்சை எரியட்டும்டா, போவோம்ங்கிறாரு. இவன் என்னடான்னா ஸ்டூல இழுத்துப் போட்டு அவரு பக்கத்துல உக்காந்துட்டான். ரெண்டு பேரும் அந்தச் செவப்பு பல்பயே பாத்துக்கிட்டு இருக்காக."

அய்யாவுக்குப் புத்தி அவ்வளவுதான், பல்லி கத்தினால் குளிக்கப் போக மாட்டார். அவரை நான் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன். அந்தப் பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்திலேயே தெரிந்தவன் நீ ஒருத்தன். விளையாட்டுக்குச் செய்தது அது. நீ எதற்கு உட்கார்ந்தாய்? ஒயரைப் பிடுங்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இதற்குப் பதில் எழுது. கதவைத் திறப்பதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

முத்தழகு


உத்தரகோசமங்கை
8.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். தெரிந்ததை முதலில் எழுதுகிறேன்.

அந்தப் பல்பு எப்படி வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். நீ கல்யாணமாகிச் சிக்கலுக்குப் போன பிறகு ஒரு வருசம், கண்மாய்த் தண்ணீர் நம் முறைக்கு வந்த அன்றைக்குப் பூனை குறுக்கே போய்விட்டது என்று அய்யா மண்வெட்டியோடு திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார். தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் எதிர்ப்பூனை செய்தேன். தகரத்தில் பூனை வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, தெருவுக்குக் குறுக்கே கம்பி கட்டிச் சைக்கிள் செயினில் ஓட விட்டேன். நிஜப் பூனை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனால், என் பூனை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரும். கணக்கு நேராகிவிடும். அய்யா முதலில் திட்டினார். பிறகு மோவாயைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "செல்லும்டா" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.

அப்புறம் ஒற்றைத் தும்மலுக்கு. கிளம்பும்போது யாராவது ஒரு தும்மல் போட்டால் ஆகாதே, அதற்காகப் பழைய ஸ்கூட்டர் ஹாரனில் இரண்டாவது தும்மல் வைத்தேன். அப்புறம் நிறைகுடப் பொம்மை. கேட்டைத் திறந்தால் குடத்தோடு எதிரே உருண்டு வரும், பாதித் தண்ணீர் அய்யா வேட்டியில்தான் கொட்டும். பொங்கலுக்கு வந்தபோது அதைப் பார்த்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கடைசியாகத்தான் ராகு காலப் பல்பு. பழைய வாஷிங் மெஷின் டைமர் ஒன்று, ஜீரோ வாட் பல்பு இரண்டு. அந்தந்தக் கிழமைக்கான ராகு காலம் வந்தால் சிவப்பு, போனால் பச்சை. பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு மணி கேட்டு என் உயிரை வாங்காமல் இருக்கட்டும் என்று செய்தேன்.

இனி நீ கேட்டது. அய்யா சொன்னார், உட்கார்ந்தேன் என்று எழுதலாம். அது பொய் இல்லை, ஆனால் பதிலும் இல்லை. அவரைத் தூக்கி ஆட்டோவில் போட எனக்குத் தெம்பு இருந்தது. ஒயர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அந்த டைமரைத் திருகியது இந்தக் கைதான். ஆனாலும் உட்கார்ந்தேன். ஏன் என்று யோசிக்கிறேன். யோசனை அந்த ஸ்டூல் வரைக்கும் போய் நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம். ஊரில் பல்பு கேட்டு வருகிறார்கள். "செவப்பு எரிஞ்சிச்சு, ஆளு போயிட்டாரு. அப்ப அது சொல்றது நெசந்தானப்பா" என்கிறார்கள். அய்யா செத்ததுதான் அதற்குச் சர்ட்டிபிகேட் ஆகிவிட்டது.

தம்பி,
தங்கப்பாண்டி


சிக்கல்
11.4.2025

தங்கப்பாண்டிக்கு,

கேட்டு வருகிறார்கள் என்று எழுதினாய். செய்து கொடுக்கிறேன் என்று எழுதவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு உங்கள் ஊருக்கு வந்த என் மாமியார் கையில் பிரசாதத்தோடு ஒரு மரப்பெட்டியும் கொண்டுவந்தாள். யாரோ சொந்தக்காரர் வாங்கிக் கொடுத்தாராம். பிரிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒயரை நீ முடிகிற முடிச்சு எனக்குத் தெரியாதா? சின்ன வயசில் உன் டிரவுசருக்கு நாடா கட்டிவிட்டவள் நான்.

"ஓந்தம்பி செஞ்சதாம்ல முத்தழகு, ஊரே பேசுது. நம்ம வீட்ல ஒண்ணு இல்லாட்டி எப்புடி" என்று சொல்லிக்கொண்டே மாமியார் அதை வாசல் நிலைக்கு மேலே மாட்டிவிட்டாள். உன் மச்சான் ஆணி அடித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நம் அய்யாவைக் கொன்ற சாமானை என் வீட்டு வாசலிலேயே அடித்தாகிவிட்டது. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழக்கூட வரவில்லை.

உனக்கு என்னதான் ஆயிற்று? அய்யாவைக் குளிப்பாட்டும்போது நீ அழவில்லை. சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து காபி கேட்டாய். அப்போதே எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இப்போது அவர் சாவைப் பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்புகிறாய்.

முத்தழகு


உத்தரகோசமங்கை
29.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மாமியாருக்குப் போகிறது என்று தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் மற்றவர்களுக்குக் கொடுத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. கேட்டார்கள், கை செய்தது. கைக்கு வேலை இருக்கிற வரைக்கும் மற்றது எதுவும் தெரியவில்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே செய்வதை நிறுத்திவிட்டேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் கிளம்பினேன். ஒருத்தரும் தரவில்லை. ராக்கு சித்தி விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டாள். "அதக் கழட்டி எங்க வீட்ல ஒண்ணு ஆச்சுன்னா நீயாடா வந்து நிப்ப?" என்றாள். அதில் இருப்பது துணி துவைக்கிற மெஷினின் டைமர் சித்தி என்று சொன்னேன். "இருக்கட்டும், அதுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியுமா" என்றாள். கீழக்கரை ரோட்டு டீக்கடையில் சிவப்பு எரியும்போது கடன் கிடையாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அய்யா இருந்தால் இதைக் கேட்டு இரண்டு நாள் சிரித்திருப்பார்.

உன் வீட்டில் இருப்பதை நீ கழற்றிவிடு. கீழே இருக்கிற கறுப்பு ஒயரை இழுத்தால் போதும், ஷாக் அடிக்காது.

நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பல்பை நம்பியது புத்திகெட்டதனம் என்கிறாய். அய்யாவை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று சொன்னபோது கடப்பாரையை எடுத்துக் கொடுத்தது நீதான். அதுவும் எப்போதோ எவனோ செய்து மாட்டிவிட்டுப் போன பல்புதானே அக்கா. அவன் பெயர் தெரியாததால் அவனிடம் உன்னால் கேட்க முடியவில்லை. என் பெயர் தெரிந்திருக்கிறது.

தம்பி,
தங்கப்பாண்டி


சிக்கல்
12.5.2025

தங்கப்பாண்டிக்கு,

எனக்குப் பாடம் நடத்தாதே.

கடப்பாரையை எடுத்துக் கொடுத்தது நான்தான். அவிட்டச் சாவு ஒன்றோடு நிற்காது, அடைப்புக் காக்காவிட்டால் அடுத்ததையும் கூட்டிக்கொண்டு போகும் என்று சொன்னார்கள். அந்த வீட்டில் மீதி இருந்தது நீ ஒருத்தன். அதனால் கொடுத்தேன். இதையும் உனக்கு விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

பல்பைக் கழற்றப் போனேன். மாமியார் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டாள். தினமும் அதன் கீழேதான் தண்ணீர் எடுக்கப் போய் வருகிறேன். நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. யோசனை ஸ்டூலோடு நிற்கிறது என்பதெல்லாம் பதில் இல்லை. கதவைத் திறக்கப் பங்காளி வீட்டில் வேறு பெண் இருந்தால் பார்த்துக்கொள். நான் வரவில்லை. இனிக் கடிதம் போடாதே.

முத்தழகு


உத்தரகோசமங்கை
16.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போடாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

மச்சானைப் பாம்பு கடித்த செய்தி அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டது. உடனே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டு வாசலில் பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நான் ஜன்னல் பக்கம் நின்றேன். நீ தலையை நிமிர்த்தவே இல்லை. என்னைப் பார்த்தால் உனக்கு இன்னும் கஷ்டமாகிவிடுமோ என்று வெளியிலேயே நின்றேன். நர்ஸிடம் கேட்டேன், உயிருக்குப் பயமில்லை என்றார். அப்புறம் திரும்பி வந்துவிட்டேன். வந்தது சரியா, உள்ளே வராதது சரியா என்று தெரியவில்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது நம் ஊரில் இறங்காமல் அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன். மச்சான் என்பதாலா, நீ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த விதத்தாலா என்று தெரியவில்லை. இத்தனை மாசத்தில் அன்றைக்குத்தான் ஏதோ ஒன்று தெரிந்தது.

மச்சான் எழுந்திருக்கும் வரைக்கும் வயல் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தால் சொல்லு, வருகிறேன். கதவைப் பற்றி இனி நான் பேசவில்லை. அது பூட்டியே கிடக்கட்டும். பம்புசெட் ரூம் எனக்குப் பழகிவிட்டது.

தம்பி,
தங்கப்பாண்டி


சிக்கல்
27.6.2025

தம்பி தங்கப்பாண்டிக்கு,

நேற்றுத்தான் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கட்டிலில் படுத்து டிவி பார்க்கிறார். வலது காலில் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். கண்ணாடி விரியன். தரிசில் சீமைக்கருவேல் வெட்டப் போன இடத்தில் கடித்திருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மூன்று மணிக்கு மேல் இருக்கும். மாமியார் புதுமடத்துப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான். சதக்கத்துல்லா என்று எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி, அவரை வயலிலிருந்து நேராக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "அக்கா, ஆதார் கார்டும் இன்சூரன்ஸ் கார்டும் எடுத்துட்டு ஓடியாங்க" என்றார். உள்ளே ஓடினேன். பீரோவைத் திறந்தேன், எடுத்தேன். ஒரு செருப்பையும் போட்டுவிட்டேன். வாசல் படிக்கு வந்தபோது தலைக்கு மேலே சிவப்பு எரிந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன் தம்பி. படிக்கு உள்ளே, தரையில்.

யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. உனக்காவது பக்கத்தில் அய்யா இருந்தார், பச்சை எரியட்டும் என்று சொன்னார். எனக்கு அப்படிச் சொல்ல ஒருத்தரும் இல்லை. நீ சொல்லிக்கொடுத்த கறுப்பு ஒயர் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. அதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்த மாதிரியே எனக்கும் தெரியும், நீதான் எழுதியிருந்தாயே. அந்தப் பல்பின் மேல் எனக்கு நம்பிக்கை ஒரு கடுகளவும் இல்லை. ஆனாலும் காலை எடுத்து வெளியே வைக்க முடியவில்லை. அவர் ஆட்டோவில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஹாரன் அடித்தாராம், எனக்குக் கேட்கவில்லை. சதக்கத்துல்லா இறங்கி வந்து, "ஏங்க்கா, கார்டு கெடைக்கலையா?" என்று கேட்டார். இதோ வாரேன் என்று எழுந்தேன். அப்போதும் சிவப்புதான். ஒரு செருப்போடு போய் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் யாரும், கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவரும் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்த விரல் இருந்த இடத்தைத் துணி மாற்றும்போது தினமும் பார்க்கிறேன். நான் உட்கார்ந்திருந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை.

அந்தப் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ ஜன்னலில் நின்றது எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் நிமிரவில்லை.

ஏன் உட்கார்ந்தேன் என்று இப்போது எனக்குக் கொஞ்சம் தெரிகிறது. வீட்டை விட்டுக் கிளம்பினால் ஆஸ்பத்திரி. போய்ச் சேர்ந்தால் ஒருத்தர் வந்து, இருக்கிறார் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுவார். சிவப்பு எரிகிற வரைக்கும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அது வரைக்கும் அவர் இருக்கிறார், நானும் இருக்கிறேன். பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. பயத்தில் கால் மரத்துப்போய்விட்டது, உட்கார ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அய்யாவுக்கும் ஆஸ்பத்திரி என்றால் எவ்வளவு பயம் என்று நமக்குத் தெரியாதா? அவர் பக்கத்தில் நீயும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாய். என் கேள்விக்கு நீ இனிப் பதில் எழுத வேண்டாம்.

அய்யாவைக் குளிப்பாட்டும்போது நீ ஏன் அழவில்லை என்றும் எழுதியிருந்தேன். நானும் இந்தப் பதினைந்து நாளாக அழவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் நாளே கேன்டீனில் இரண்டு இட்லி வாங்கித் தின்றேன். பசித்தது.

வெள்ளிக்கிழமை வருகிறேன். கதவை நானே தள்ளுகிறேன். இவருக்குத் துணையாக மாமியார் இருக்கிறாள், ஒரு ராத்திரி தங்கிவிட்டுத்தான் வருவேன்.

எனக்குத் தோதான பஸ் காலையில் இருக்கிறது. ஆனால் அது அங்கே வந்து சேரும்போது வெள்ளிக்கிழமை ராகு காலமாக இருக்கும். அதில் வர மாட்டேன். இவ்வளவு நடந்த பிறகும் இதை வெட்கமில்லாமல்தான் எழுதுகிறேன், சிரிப்பதென்றால் சிரித்துக்கொள். மத்தியான பஸ்ஸில் வருகிறேன். நீயும் பன்னிரண்டு மணி ஆகிற வரைக்கும் அந்தக் கதவுப் பக்கம் போகாதே. பம்புசெட் ரூமிலேயே உட்கார்ந்திரு.

அக்கா,
முத்தழகு